மெழுகில் இருக்கும்போதே

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் பெரியவளை நாம் விட்டுவிட்டு வந்தது அவள் வீட்டு அடுப்படியில். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாள் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். அடுப்பை மட்டும் துடைத்து வைத்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஐம்பத்துமூன்று வயதுப் பெரியவள் பல் செட் செய்கிறவள். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார். இவள் அந்த அச்சின் மேல் மெழுகில் பல்லை அடுக்கி, டாக்டர் வைத்துப் பார்த்துச் சரியென்ற பிறகு, கெட்டியாக்கிப் பளபளப்பாக்கிக் கொடுப்பாள். இருபத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவள் கைவண்ணம். தெருப்பிள்ளைகள் ‘பல்லக்கா’ என்று கூப்பிடும்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதினொன்று. இரண்டு பேரையும் கரையேற்றினாள். தனக்கும் ஒரு கரை இருக்கலாம் என்பதை அந்த மும்முரத்தில் மறந்தே போனாள்.

போன சனிக்கிழமை அதை ஞாபகப்படுத்திவிட்டுப் போனவர் சர்வேயர். ரிட்டயரானவர், மனைவியை இழந்து ஆறு வருஷமாகிறது. பேசும்போது பல் செட் டக் டக்கென்று சத்தம் போடுகிறது என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் லேபுக்கே சண்டைக்கு வந்தவர். சத்தம் நின்றுவிட்டது, அவர் வருவது நிற்கவில்லை. லேப் வாசலில் கிடக்கும் பெஞ்சில் வாரத்துக்கு ஒரு டீ, அரைமணி நேரப் பேச்சு. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவு போதாதா?

“மகன் கூப்பிட்டுட்டான்” என்றார் அன்றைக்கு. “எனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கான். நல்ல ரூம்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு நாப்பது பஸ்ஸுல கிளம்பறேன். நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தா நான் கிளம்பலை. போன்ல சொல்லாதீங்க. முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. வரலைன்னா கோபம் இல்லை. ஆனா மறுபடி கேக்க மாட்டேன். ஒரு தடவை கேட்டாத்தான் அது கேள்வி. அதுக்கு மேல நச்சரிப்பு.”

எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டார். “நீங்க கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?”

“தம்பி கல்யாணத்தப்போ” என்றாள் உடனே.

“அது உங்க தம்பியோட சந்தோஷம். நான் உங்களோடதைக் கேட்டேன்.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பெரியவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருத்தரிடமாவது இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆறு நாளாக மனசுக்குள்ளேயே புரட்டிப் புரட்டி, உண்மையில் நடந்ததா, தான் கற்பனை செய்துகொண்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

காலை ஏழரைக்குத் தம்பி போன் செய்தான்.

“அக்கா, நாலு மணிக்கு லேப் வாசல்ல நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சு. நீ பாக்கணும்.”

தம்பி புது வீட்டுக்கு மாறியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி முடிவெல்லாம் பெருங்காற்றில் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி தானாக நடந்துவிடும்.

“தம்பி, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“சாயந்திரம் நேர்ல சொல்லுக்கா. இங்க ஒரு அம்மா ரிவர்ஸ் எடுக்கறேன்னு எதிர்வீட்டுச் சுவரைத் தேடிப் போயிட்டிருக்காங்க.”

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கண்ணாடியில் பின்னால் பார், பக்கத்தில் பார் என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லித் தருகிறவன். போனை வைத்துவிட்டான்.

சரி, தங்கையிடம் சொல்லலாம் என்று அவளே கூப்பிட்டாள். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

“நீயே கூப்பிட்டியா? நல்லதாப் போச்சு. உன் மாப்பிள்ளை பண்ணியிருக்கிற காரியத்தைக் கேளு” என்று ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வாஷிங் மெஷினை ரிப்பேர் செய்கிறேன் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாராம். பிறகு மகளின் பரீட்சை. பிறகு மாமியாரின் முழங்கால். பெரியவள் பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, இறங்கி, லேப் படியில் கால் வைக்கும் வரைக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள்.

“மனசுல இருந்ததைக் கொட்டினதும்தான் பாரம் குறைஞ்சுது” என்றாள் தங்கை. “உன்கிட்ட பேசினாலே நிம்மதிக்கா. ஆமா, நீ எதுக்குக் கூப்பிட்டே?”

பெரியவள் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் பெரிய கொட்டாவி ஒன்று கேட்டது.

“ஒண்ணுமில்லை. நீ போய்த் தூங்கு.”

“அப்போ வெச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். நல்ல பெண்தான். ஆனால் அக்காவிடம் ஒன்று சொல்ல இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றாது. கிணறு பேசும் என்று யார்தான் நினைப்பார்கள்?

லேபில் பெரியவளோடு வேலை செய்கிறவள் ஒருத்திதான். பளபளப்பு ஏற்றுகிற மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அவளுக்குப் ‘பாலிஷ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதில் பஞ்சு வேறு.

பெரியவள் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். மெஷின் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

“என்னை ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேட்டிருக்கார்” என்றாள் அந்த முதுகிடம். “சாயந்திரம் அஞ்சு நாப்பதுக்குள்ள பதில் சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு.”

சொல்லிவிட்டாள். மெஷின் அதைத் தூளாக்கி அறை முழுக்க இறைத்தது. எதற்கோ திரும்பிய பாலிஷ் திடுக்கிட்டு மெஷினை நிறுத்தினாள்.

“என்னக்கா, ஏதாவது சொன்னீங்களா?”

“டீ சொல்லட்டுமான்னு கேட்டேன்.”

“சொல்லுங்க” என்று பாலிஷ் மறுபடி மெஷினைப் போட்டாள். பெரியவள் டீ சொல்லிவிட்டு வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிறவளும் ஆறடியில் இருக்கிறாள், கூடப்பிறந்தவர்களும் ஒரு போன் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு காது இல்லை. டீ ஆறிப்போனது.

பதினோரு மணிக்குக் கீழ்த் தளத்திலிருந்து பல் டாக்டர் கூப்பிட்டார்.

“அம்மா, கொஞ்சம் கீழ வர்றீங்களா? நேத்து அனுப்பினீங்களே டீச்சரம்மா செட், அதுல ஒரு குழப்பம்.”

குழப்பமா? இருபத்தொன்பது வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அந்த வார்த்தையை டாக்டர் சொன்னதே இல்லை. இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

நாற்காலியில் ரிட்டயரான டீச்சரம்மா ஒருவர் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் மெழுகு செட். கெட்டியாக்குவதற்கு முன்னால் இப்படி ஒருமுறை வைத்துப் பார்ப்பது வழக்கம். மெழுகில் இருக்கும்போது எந்தப் பல்லையும் அசைக்கலாம், மாற்றலாம். வேகவைத்துக் கெட்டியாக்கிவிட்டால் பிறகு பிரம்மா வந்தாலும் நடக்காது.

“நீங்கதான் செஞ்சீங்களாம்மா?” என்றார் டீச்சரம்மா, பரீட்சைத் தாளில் தப்பு கண்டுபிடித்த குரலில். “பல் அழகாத்தான் இருக்கு. ஆனா இது என் சிரிப்பு இல்லை. யாரோ ஆம்பளை சிரிப்பு மாதிரி இருக்கு.”

சிரித்துக் காட்டினார்.

பெரியவள் குனிந்து பார்த்தாள். இடப்பக்க முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கோரைப்பல் ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. நிறமும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைவிட ஒரு படி பழுப்பு.

‘எனக்குப் புதுப் பல்லு வரிசையா நிக்க வேண்டாம். பழசு மாதிரியே ஒண்ணு கொஞ்சம் திரும்பி இருக்கட்டும். இல்லேன்னா கண்ணாடியில வேற யாரோ நிக்கற மாதிரி இருக்கு’ என்று ஒரு ஆள் கேட்டு வாங்கிய பல் அது. உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் அவள் அதை வைத்திருந்தாள். நேற்று மத்தியானம் மனசு எங்கேயோ இருக்க, கை தன்பாட்டுக்கு டீச்சரம்மா வாயில் சர்வேயரின் சிரிப்பை அடுக்கிவிட்டிருக்கிறது.

“மன்னிச்சுக்கோங்கம்மா. என் தப்புதான்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அட, இதுக்கு ஏம்மா கண்ணு கலங்கறீங்க?” என்று டீச்சரம்மாவே பதறிப்போனார். “எங்கிட்ட கணக்குல தப்பு பண்ணின பிள்ளைங்க யாரும் இப்படி அழுததில்லை.”

டாக்டர் செட்டை வாங்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார். “மெழுகுல இருக்கும்போதே தெரிஞ்சுது, பொழைச்சோம். திங்கட்கிழமை குடுங்க, போதும். உடம்பு சரியில்லையா? வேணும்னா லீவு போட்டுக்கோங்க.”

பெரியவள் தட்டை ஏந்திக்கொண்டு மாடி ஏறினாள். மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எந்தப் பல்லையும் தொடவில்லை.

சந்தோஷமாக இருந்தது எப்போது? ஆறு நாளாக அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை நர்ஸிங் பாஸ் செய்த நாள், தங்கை சந்தோஷம். தம்பி சொந்தமாகக் கார் வாங்கிய நாள், தம்பி சந்தோஷம். தங்கைக்கு மகள் பிறந்த நாள், ஊர் சந்தோஷம். எல்லாவற்றிலும் இவள் இருந்தாள், போட்டோ எடுக்கிறவன் மாதிரி. எந்தப் படத்திலும் முகம் இல்லை.

இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. டக் டக் சத்தத்தைச் சரிசெய்து கொடுத்த நாள். சர்வேயர் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, துண்டு போடாமல், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கடித்தார். கறுக்கென்று ஒரு சத்தம். “பதினோரு வருஷம் ஆச்சும்மா, ஆப்பிளைக் கடிச்சு” என்றார் வாய் நிறைய. சாறு தாடையில் வழிந்தது. பெரியவள் சிரித்துவிட்டாள். அடக்கமாக இல்லை, வயிறு குலுங்க. உள்ளே மெஷினை நிறுத்திவிட்டு பாலிஷ் எட்டிப் பார்த்தாளே, அப்படி ஒரு சிரிப்பு.

அது அவள் சிரிப்பு. அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஐம்பத்துமூன்று வருஷத்தில் ஒன்றே ஒன்று என்று தோன்றியபோது சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. பாலிஷ் பார்க்காத நேரத்தில் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தம்பியின் கார் வந்து நின்றது. மேலே ‘கற்பவர்’ என்று பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார். அதில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்துச் சீட்டிலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் சொல்லித்தருகிறவர் அழுத்துவதற்கு. தம்பி ஓட்டும்போது பெரியவள் உட்காருவது அந்தச் சீட்டில்தான். தெரியாமல்கூடக் கால் பட்டுவிடக் கூடாதென்று பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டே போய்வருவாள். இறங்கும்போது முட்டி வலிக்கும். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

புது வீடு மூன்றாவது மாடி. தம்பி மனைவி கதவைத் திறந்தபோதே முகமெல்லாம் பூரிப்பு.

“வாங்க அண்ணி! கண்ணை மூடிக்கோங்க. நான் சொல்றப்போ திறங்க.”

கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். திறக்கச் சொன்னபோது பெரியவள் திறந்தாள். சின்ன அறை, சுத்தமான அறை. சுவர் நாலும் இளம்பச்சை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. மூலையில் அயர்ன் மேஜை ஒன்று இன்னும் போகாமல் நின்றது.

“கலர் பிடிச்சிருக்கா அண்ணி? உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு இவரைக் கேட்டேன், திருதிருன்னு முழிச்சார். சின்ன அண்ணிக்குப் போன் போட்டேன், அவங்களுக்கும் தெரியலை. அப்புறம் நான்தான் யோசிச்சேன். நீங்க லேப்ல எப்பவும் இளம்பச்சைக் கோட்டுதானே போட்டிருப்பீங்க?”

அந்தக் கோட்டு லேப் முதலாளி மொத்தமாக வாங்கிப் போட்டது. பெரியவள் அதைச் சொல்லவில்லை. தனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். பல்லில் பதினாறு வகை வெள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இதற்கு விடை வரவில்லை.

“நல்லா இருக்கும்மா. எனக்காக ரொம்ப மெனக்கெட்டிருக்கே” என்றாள். பொய் இல்லை. நிஜமாகவே பாசம்தான் அது, நாலு சுவரிலும் இரண்டு பூச்சு. அதுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் எழுந்து போவது எவ்வளவு சுலபம்!

‘நல்ல ரூம்தான்’ என்று சர்வேயர் சொன்னது காதில் கேட்டது. அவருக்கும் எங்கோ ஒரு மகன், எங்கோ ஒரு மருமகள், இப்படித்தான் ஒரு கலரை ஊகித்து அடித்து வைத்திருப்பார்கள்.

“தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்னேனே.”

“தெரியும், தெரியும். கட்டிலை ஜன்னல் பக்கம் போடறதா, சுவர் பக்கம் போடறதா? அதானே?” என்றான் தம்பி.

தம்பி மனைவி கடகடவென்று சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். பழக்கம்.

டீ குடித்து, அலமாரியை அளந்து, திரைச்சீலை பேசி முடிக்கும்போது மணி ஐந்து பத்து. “நான் கிளம்பறேன்” என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் எழுந்தே நின்றாள். “இரு, கொண்டுவிடறேன்” என்று தம்பி சாவியை எடுத்தான்.

அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் பஸ் ஸ்டாண்ட்.

“ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு லாரி சொல்லியிருக்கேன்” என்றான் தம்பி. “உன் பழைய பீரோ வேண்டாம்க்கா, யாருக்காவது குடுத்துடு. அங்க இடம் பத்தாது.”

“பஸ் ஸ்டாண்ட்ல என்னை இறக்கி விடு.”

“அங்க எதுக்கு? நேரா வீட்டுக்கே விடறேன்.”

“ஒருத்தரைப் பாக்கணும். நிறுத்து.”

“இந்த நெரிசல்லயா? நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா. அந்த டிரெஸ்ஸிங் டேபிள் இருக்கே, அது…”

வலது பக்கம் பஸ் ஸ்டாண்ட் வளைவு வந்தது. டாஷ்போர்டில் மணி 5.27. கார் ஊர்ந்தது. வளைவு நெருங்கியது, பக்கவாட்டில் வந்தது, பின்னால் போக ஆரம்பித்தது. தம்பி திரைச்சீலைப் பேச்சுக்குத் திரும்பியிருந்தான்.

பெரியவள் பின்னால் இழுத்து வைத்திருந்த காலை முன்னால் நீட்டி அழுத்தினாள்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இஞ்சின் அணைந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் அலறின.

“அக்கா! என்ன பண்றே?”

“பிரேக் போட்டேன்” என்றாள் பெரியவள். அவளுக்கே மூச்சு வாங்கியது. “காலையிலேருந்து சொல்றேன், சொல்லணும், சொல்லணும்னு. இப்ப கேளு. ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேங்கறார். அஞ்சு நாப்பது பஸ்ஸுல ஊரை விட்டே போறார். நான் போய் நிறுத்தணும்.”

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பினான். “யாரு?”

“சர்வேயர்.”

“அந்த டக் டக் ஆளா?”

சர்வேயரின் பல் சத்தத்தை வீட்டில் அபிநயம் பிடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவளே அவள்தான்.

“ஆமா. இப்ப டக் டக் இல்லை. நான் சரி பண்ணிட்டேன்.”

‘இந்த வயசுலயா?’ என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். ‘ஊரு என்ன சொல்லும்?’ என்று கேட்பான். இரண்டுக்கும் ஆறு நாளாக யோசித்துப் பதில் வைத்திருந்தாள். தம்பி இரண்டையும் கேட்கவில்லை.

“அப்போ நாங்க?” என்றான்.

நாற்பது வயது ஆள் கேட்ட கேள்வி இல்லை அது. அம்மாவைக் கொண்டுபோன அன்றைக்கு அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினொரு வயதுப் பையன் கேட்டான். பிரேக்கிலிருந்து கால் தானாக மேலே வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருந்தால் ‘வண்டியை எடு’ என்று சொல்லியிருப்பாள்.

“நீங்க எப்பவும் இருக்கீங்கடா” என்றாள். “நான்தான் எங்கயும் இல்லை.”

கதவைத் திறந்து இறங்கினாள்.

ஐம்பத்துமூன்று வயதில் பட்டப்பகலில், நட்ட நடு ரோட்டில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததில்லை. ஓடினாள். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார். செருப்பு வார் ஒன்று அறுந்தது. அறுந்ததைக் கழற்றி எறியவும் மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போனாள்.

கடைசி மேடையில் பஸ் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாவது ஜன்னலில் அவர். மடியில் ஒரு பை, பையின் மேல் இரண்டு கை.

அவர் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடலாம். வாழ்க்கையில் அவள் சொன்னதெல்லாம் யாரோ கேட்டதற்குப் பதில்தான். ‘அக்கா, வர்றியா?’ என்றால் வருகிறேன். ‘அக்கா, இருக்கியா?’ என்றால் இருக்கிறேன். இந்த மனுஷன் மறுபடி கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், அதைக் காப்பாற்றுகிறார். டிரைவர் கதவைத் திறந்து ஏறினார். இனி இந்த உலகத்தில் யாரும் அவளை எதுவும் கேட்கப்போவதில்லை. தானாகத்தான் சொல்ல வேண்டும்.

“இறங்குங்க” என்றாள்.

இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் காதருகே கையைக் குவித்தார்.

“இறங்குங்கன்னு சொல்றேன்!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “யாரும்மா இறங்கணும்? சீக்கிரம்!” என்று கண்டக்டர் கத்தினார். நாலாவது ஜன்னலில் சர்வேயர் சிரித்தார். இடப்பக்க முன்பல் லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நடைபாதையில் நெருக்கி நின்றவர்களுக்கு நடுவே அவர் தலை மெல்ல மெல்லப் படியை நோக்கி நகர்ந்தது.

“அக்கா.”

முதுகுக்குப் பின்னால் தம்பியின் குரல். ஓடி வந்திருக்கிறான், மூச்சு இரைத்தது.

“கைப்பையைக் கார்லயே விட்டுட்டு வந்துட்டே.”

அவன் போனிலிருந்து தூக்கக் கலக்கத்தில் தங்கையின் குரல் கேட்டது. “என்னடா சொல்றே? அக்காவுக்கு என்ன? அங்க யாரு இருக்கா?”

தம்பி போனை வைத்துவிட்டான். பிறகு சொன்னான்.

“அந்த ரூம்ல ரெண்டு பேர் இருக்க முடியாதுக்கா.”

கோபத்தில் சொல்கிறானா, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறானா? திரும்பி அவன் முகத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவன் முகத்தைப் படிக்க அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பெரியவள் திரும்பவில்லை. பஸ் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.